பௌபஜார் முதல் பராநகர் வரை

சர் சி. வி. இராமன் அவர்களின் கல்கத்தா வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் அறியாத தமிழர் இந்நகரில் இலர் எனலாம். 1907ஆம் ஆண்டின் நடுவில், கணக்கு இலாகாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாக நியமனம் பெற்று இங்கு வந்து சேர்ந்த பதினெட்டு வயது இளைஞர், டிராம் வண்டியில் அலுவலகம் செல்லும் வழியில் பௌபஜார்த் தெருவின் 210ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப் பலகையைக் கண்டார். 'இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம்' என்பது அதன் பொருள். அலுவலகம் விட்டபின் அங்குச் சென்று கதவைத் தட்டினார். இது நம் மேடைகளில் பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் டே என்னும் உதவியாளர். உள்ளே கருவிகள் இருந்தன, விரிவுரை மண்டபம் இருந்தது, ஆராய்வோர்தாம் இல்லை.

இவ்வரலாற்றைச் சொல்லுவோர் பெரும்பாலும் இங்கிருந்து நேரே 1928ஆம் ஆண்டின் கண்டுபிடிப்புக்கும், 1930இல் கிடைத்த நோபல் பரிசுக்கும் தாவிவிடுகின்றனர். அத்தாவலில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகின்றது. ஆராய்ச்சிக்கூடம் ஒன்று, ஆராய்வோர் எவருமின்றி, அத்தெருவில் எதற்காக இருந்தது? முப்பது ஆண்டுகளாக அதை மூடிவிடாமல் காத்தவர் யார்? எதை நம்பிக் காத்தார்? இராமனை நம்மவர் என்று போற்றும் நாம், அவருக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்த வங்காளியின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொன்னோமா என்பது ஐயமே. இக்கட்டுரை முதற்கண் அவரைப் பற்றியது.

மகேந்திரலால் சர்க்கார் 1833ஆம் ஆண்டு பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1863இல் எம்.டி. பட்டம் பெற்றார், கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் அப்பட்டம் பெற்றவர்களுள் அவர் இரண்டாமவர். பெரும் பொருள் ஈட்டும் மருத்துவராய் வாழ்வதற்கு வேண்டிய யாவும் அவருக்கு அமைந்திருந்தன. ஆனால் அவரது இயல்பு வேறு. ஹோமியோபதி முறையை மறுத்தெழுதப் புகுந்தவர், மறுப்பதற்கு முன் அதனை நேரில் ஆராய்ந்தறிதல் கடன் என்று கருதி, நோயாளிகளைக் கவனித்து, முடிவில் தாமே அதன் பக்கம் சாய்ந்தார். அதனை மறைத்து வைத்தாரும் அல்லர். 1867இல் மருத்துவர்கள் கூடிய அவையிலேயே எழுந்து அறிவித்தார். விளைவு நாம் எதிர்பார்க்கக் கூடியதே. உடன் தொழில் புரிந்தோர் ஒதுக்கினர், நோயாளிகள் குறைந்தனர். அம்மருத்துவ முறையைப் பற்றி இன்றைய விஞ்ஞானம் கூறுவது வேறு; அதனை இங்கு வழக்காட வேண்டுவதில்லை. தம் கண்ணால் கண்டதை ஊருக்கு அஞ்சி விழுங்காத மனிதர் ஒருவர் என்பதே நமக்கு வேண்டுவது. 1885இல் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டையில் நோய் கண்டபோது மருந்தளித்த டாக்டர் சர்க்கார் இவரே.

ஒதுக்கப்பட்ட மருத்துவர் 1868இல் தமக்கென ஒரு மருத்துவ இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அவ்விதழில், இந்நாட்டு மக்கள் விஞ்ஞானத்தைப் பயிலவும் ஆராயவும் தேசிய நிலையம் ஒன்று வேண்டும் என்று எழுதினார். அக்காலத்தில் இந்தியாவில் விஞ்ஞான வேலை நடக்கவில்லை என்பதன்று. நில அளவை, மண்ணியல், தாவரவியல் ஆகிய துறைகளில் அரசாங்க நிலையங்கள் இருந்தன. அவற்றில் இந்தியர் செய்தது பெரும்பாலும் உதவியாளர் வேலை. எதை ஆராய வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவர்களிடம் இல்லை. அவ்வுரிமை உள்ள இடம் ஒன்று வேண்டும் என்றார் சர்க்கார். அது இந்தியர் தம் பணத்தில் நடப்பதாய், இந்தியர் ஆட்சியில் இருப்பதாய் அமைய வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அவர் வேண்டியதன் சாரம் இதுவே.

1870இன் தொடக்கத்தில் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். பணம் திரட்ட ஆறு ஆண்டுகள் ஆயின. பங்கிம் சந்திரர் தம் 'வங்க தரிசனம்' இதழில் ஆதரித்து எழுதினார். பெல்ஜியம் நாட்டவராகிய பாதிரியார் லாபோன், புனித சேவியர் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர், தோளோடு தோள் நின்றார். எதிர்ப்பும் இருந்தது, அதுவும் நல்லெண்ணத்திலிருந்து எழுந்த எதிர்ப்பு. ஏழை நாட்டிற்குத் தூய விஞ்ஞானம் எதற்கு? தச்சும் கொல்லும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் பள்ளியன்றோ முதலில் வேண்டும் என்று ஒரு சாரார் வாதித்தனர். இவ்வாதம் இன்றும் சட்டசபைகளில் கேட்கும் வாதமே. சர்க்கார் இணங்கவில்லை. பிறர் கண்டறிந்ததைக் கைப்பழக்கத்தால் திருப்பிச் செய்வோரை மட்டும் உண்டாக்கினால் நாம் என்றும் பிறர் கண்டறிவதற்காகக் காத்திருக்க நேரும் என்பது அவர் கட்சி. 1876ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் சங்கம் தோன்றியது.

அதன்பின் வந்த இருபத்தெட்டு ஆண்டுகளை எழுதுவது எளிதன்று. ஏனெனில் அவற்றில் சொல்லத்தக்க நிகழ்ச்சி குறைவு. மாலை நேரங்களில் விரிவுரைகள் நடந்தன. லாபோன் பாதிரியார் சோதனைகளைச் செய்து காட்டிப் பேசினார். ஜகதீச சந்திர போஸும் ஆசுதோஷ் முகர்ஜியும் இளமையில் அங்கு விரிவுரை நிகழ்த்தியவர்கள். விஜயநகரம் மகாராஜாவின் நன்கொடையால் ஆராய்ச்சிக்கூடம் எழுந்தது. கருவிகள் வந்தன. ஆயின் ஊதியம் கொடுத்து ஓர் ஆராய்ச்சிப் பேராசிரியரை அமர்த்தச் சர்க்காரால் இயலவில்லை. விரிவுரை கேட்க வந்தோர் தேர்வுக்காக வந்தனர். தேர்வு முடிந்ததும் போயினர். கொடையாளர் கோவிலுக்கும் திருமணத்திற்கும் கொடுத்ததில் நூறில் ஒரு பங்கும் இங்கு வரவில்லை. ஆண்டுதோறும் சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து அவர் பேராசிரியர் பதவிக்கு நிதி வேண்டினார்; ஆண்டுதோறும் அது கிடைக்கவில்லை. இறுதி ஆண்டுகளில் அவர் பேச்சில் கசப்பு மிகுந்தது. 1904ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் முயற்சி பயனற்றுப் போயிற்று என்ற எண்ணத்தோடே அவர் காலமானார்.

மூன்றே ஆண்டுகள். 1907இல் இராமன் வந்தார்.

இராமன் அப்போது முற்றிலும் அறியப்படாதவர் அல்லர். சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியில் மாணவராயிருக்கும்போதே, 1906இல், இலண்டனிலிருந்து வெளிவரும் 'பிலாசபிகல் மாகசீன்' இதழில் ஒளி பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டிருந்தார். ஆனால் சென்னையில் ஆராய்ச்சியாளனுக்கு வேலை இல்லை. மேல்நாடு செல்ல உடல்நிலை இடந்தராது என்று மருத்துவர் கூறினார். எனவே கணக்கு இலாகாவின் தேர்வை எழுதி முதலிடம் பெற்றார். வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்தியா முழுவதிலும், பல்கலைக்கழகத்தைச் சாராத ஒருவர் மாலை வேளையில் உள்ளே நுழைந்து, கருவிகளை எடுத்து வேலை செய்யக்கூடிய இடம் வேறு எங்கே இருந்தது? சர்க்காரின் மகன் அமிர்தலால் சர்க்கார், அப்போது சங்கத்தின் செயலாளர், இவரை இரு கை நீட்டி வரவேற்றார் என்பர். தந்தை காத்திருந்த மனிதர் வந்துவிட்டதை மகன் அறிந்தார் போலும்.

விடியலில் சங்கம், பின் இல்லம், பின் அலுவலகம், மாலை மீண்டும் சங்கம், இரவில் இல்லம். பத்து ஆண்டுகள் இவ்வாறு நடந்தன. இடையில் 1909இல் இரங்கூனுக்கும் 1910இல் நாகபுரிக்கும் மாற்றப்பட்டு, 1911இல் திரும்பினார். நரம்பிசைக் கருவிகளின் அதிர்வை அக்காலத்தில் ஆராய்ந்தார். வயலின் தந்தியின் இயக்கத்தைப் பற்றி 1918இல் விரிவான நூலே எழுதினார். மிருதங்கத்திலும் தபலாவிலும், தோலின் நடுவே இடும் கருஞ்சாந்து, பிற தோற்கருவிகளில் காணப்படாத சுருதி ஒழுங்கை எவ்வாறு உண்டாக்குகின்றது என்பதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். நம் வீட்டு விழாக்களில் மிருதங்கம் கேட்போர் இதனை நினைவிற்கொள்ளலாம்: அதன் நாதத்தின் கணக்கு முதன்முதல் ஆராயப்பட்டது பௌபஜாரில்.

ஆசுதோஷ் டேயைப் பற்றியும் சில சொற்கள் கூற வேண்டும். கல்லூரி வாசலை மிதியாதவர் அவர். இராமனுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் உடன் உழைத்தார். அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை 1919இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. பட்டம் இல்லாதவரை நம் கல்லூரிகள் வாயில் காப்போனாகக் கூட ஏற்கத் தயங்கும் இந்நாளில் இது எவ்வளவு வியப்பிற்குரியது!

1917இல் இராமன் அரசாங்க வேலையைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் பல்கலைக் கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆனார். அழைத்தவர் ஆசுதோஷ் முகர்ஜி. 1919இல் அமிர்தலால் மறையவே சங்கத்தின் செயலாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது. அதன்பின் தென்னாட்டிலிருந்து இளைஞர்கள் வரத் தொடங்கினர். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து கே. ஆர். இராமநாதனும் எல். ஏ. இராமதாஸும் வந்தனர். இராமநாதன் பின்னர் வளிமண்டல ஆராய்ச்சியில் புகழ் பெற்று ஆமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் ஆனார். இராமதாஸ் புனாவில் வேளாண்மை வானிலைத் துறையை வளர்த்து, பயிரின் வேரடியில் நிலவும் வெப்பதட்பத்தை அளந்தார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1920களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். வங்க இளைஞர் பலரும் உடனிருந்தனர்.

1928இல் நடந்ததைச் சற்று நெருங்கிக் காண்போம். 1921இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது அதன் நீல நிறம் இராமனின் உள்ளத்தைக் கவர்ந்தது என்பதும், அது முதல் திரவங்களில் ஒளி சிதறுவதைத் தொடர்ந்து ஆராய்ந்தனர் என்பதும் தெரிந்தவை. 1923இல் இராமநாதன், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லிய கூறு ஒன்று இருப்பதைக் கண்டார். திரவத்தில் உள்ள அழுக்கினால் நேர்வது என்று முதலில் எண்ணினர். மீண்டும் மீண்டும் தூய்மை செய்தும் அது மறையவில்லை. 1928இன் தொடக்கத்தில் வெங்கடேசுவரன் என்பவர், தூய கிளிசரினில் சூரிய ஒளியைச் செலுத்தி, சிதறும் ஒளி நீலமாக இராமல் பசுமையாக இருக்கக் கண்டார். இவர் சங்கத்தில் ஊதியம் பெற்றவர் அல்லர். அலிபூரிலிருந்த அரசாங்கச் சோதனைச்சாலையில் வேதியியல் வேலை பார்த்து, ஓய்வு நேரத்தில் இங்கு வந்து உழைத்தவர். இராமன் எந்த வழியால் உள்ளே வந்தாரோ அதே வழியால் இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த இன்னொருவர்!

பின் கிருஷ்ணன் முழு நேரமும் அதில் இறங்கினார். சூரிய ஒளியை ஊதா நிறக் கண்ணாடி வழியே திரவத்தில் பாய்ச்சுவர். அந்நிறத்தை முழுதும் தடுக்கும் வேறு நிறக் கண்ணாடியைப் பார்ப்போரின் கண் முன் வைப்பர். ஒளி நிறம் மாறாமல் சிதறுமாயின் இருள்தான் தெரிய வேண்டும். ஆனால் ஒளி தெரிந்தது. ஏறத்தாழ அறுபது திரவங்களில் அவ்வாறே தெரிந்தது. பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைகாட்டியால் நோக்கியபோது, புதிய ஒளி தனித்துப் பிரிந்து நிற்பது ஐயமறத் தெளிவாயிற்று. கருவிகள் யாவும் எளியவை. அரிதாக இருந்தது, மாலை ஆறு மணிக்குப் பிறகும் திறந்திருந்த இடமும், ஆறாண்டுக் காலப் பொறுமையும்.

சர்க்கார் இறுதி வரை வேண்டிய பேராசிரியர் பதவி, அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1933இல், 'மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர்' என்று அவர் பெயராலேயே அமைந்தது. அப்பதவியை முதலில் வகித்தவர் நம் வத்திராயிருப்புக் கிருஷ்ணன்.

அதே ஆண்டில் இராமன் பெங்களூருக்குச் சென்றார். 1934இல் சங்கத்தின் உறுப்பினர் பற்றியும் ஆட்சி பற்றியும் பூசல் மூண்டது. பௌபஜாரில் தென்னாட்டாருக்கே இடம் என்ற குறை பத்திரிகைகளில் எழுந்தது. முடிவில் சங்கத்தின் பொறுப்பு இராமன் கையை விட்டு நீங்கியது. இதனைப் பற்றி நம்மிடையே ஒருதலையாகப் பேசுவோர் உண்டு. அவர்கள் இரண்டு செய்திகளை மறந்துவிடுகின்றனர். ஒன்று: வங்காளியர் தம் பணத்தால், தம்முள் ஒருவரின் வாழ்நாளைக் கொடுத்து எழுப்பிய நிலையம் அது. அதன்மேல் அவர்களுக்கு உரிமையுணர்ச்சி இருந்தது இயல்பே. மற்றொன்று: பூசலில் இராமனின் கட்சி தோற்ற பின்னரும் கிருஷ்ணனை எவரும் வெளியேற்றவில்லை. 1942இல் அலகாபாத்துக்குத் தாமே செல்லும் வரை அவர் அப்பதவியில் இருந்து, படிகங்களின் காந்தப் பண்பு பற்றித் தம் சிறந்த வேலைகளைச் செய்தார். இராமனின் முரட்டுத்தனமும் பூசலில் பங்கு கொண்டது என்று கருதுகின்றேன். பெரியார் பிழையும் பிழையே.

இனி, இதே காலத்தில், ஒரு கல் தொலைவுக்குள், பிரசிடென்சிக் கல்லூரியில் வேறொரு வேலை நடந்து வந்ததைச் சொல்ல வேண்டும். இயற்பியல் கற்பித்தவர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ். கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்று, 1915இல் தாயகம் திரும்பப் புறப்பட்டபோது போர்க் காரணத்தால் கப்பல் தாமதமாயிற்று. அந்த இடைவேளையில் கல்லூரி நூலகத்தில் ஆசிரியர் ஒருவர் காட்டிய 'பயோமெட்ரிகா' என்னும் இதழ்த் தொகுதிகளைக் கண்டார். உயிர்களையும் மனிதரையும் அளந்து, அளவைகளின் வேறுபாட்டைக் கணிதத்தால் ஆராயும் புதிய கலை அது. தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படித்து வந்தார். ஆசிரியர் தொழில் இயற்பியல்; மனம் புள்ளியியல்.

1920இல் நாகபுரியில் கூடிய விஞ்ஞான மாநாட்டில் விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைவர் நெல்சன் அன்னண்டேல் இவரைச் சந்தித்தார். கல்கத்தா ஆங்கிலோ-இந்தியரின் உடல் அளவைகளை அவர் சேகரித்து வைத்திருந்தார். அவற்றை ஆராய்ந்து தருமாறு கேட்டார். 1922இல் வெளியான அக்கட்டுரையே மகாலனோபிஸ் இத்துறையில் எழுதிய முதற்கட்டுரை. மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிகளுக்கு ஏணிப்படி அமைப்பது அக்கால ஆட்சியாளர் சிலரின் பொழுதுபோக்கு. ரிஸ்லி என்னும் அதிகாரி அதனைப் பெரும் சாத்திரமாகவே ஆக்கிவிட்டார். மகாலனோபிஸ் ரிஸ்லியின் வங்காள அளவைகளை 1933இல் மறுபடி சரிபார்த்து, அச்சிட்ட கணக்குகளிலேயே பிழைகள் இருப்பதை வெளிப்படுத்தினார். ஒரு கூட்டத்தினருக்கும் மற்றொரு கூட்டத்தினருக்கும் உள்ள வேற்றுமையை, ஒரே ஓர் அளவை கொண்டு முடிவு செய்யலாகாது. பல அளவைகளையும், அவை ஒன்றோடொன்று கொண்ட தொடர்பையும் சேர்த்தே கணிக்க வேண்டும் என்பதற்கு அவர் வகுத்த வாய்பாடு 1936இல் முழு உருப் பெற்றது. மகாலனோபிஸ் தூரம் என்று அதனை உலகமே வழங்குகின்றது. தலைகளை அளந்தோரின் சாத்திரம் மறைந்தது. அத்தலைகளைக் கொண்டு அவர் கண்ட கணிதம், இன்று மருத்துவத்திலும் இயந்திரங்களின் பழுது காண்பதிலும் கணிப்பொறியிலும் பயன்படுகின்றது.

1922இல் வட வங்கத்திலும், 1926இல் ஒரிஸாவின் பிராமணி ஆற்றிலும் பெருவெள்ளம் வந்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்று ஒரிஸாவில் பொறியாளர் கூறினர். மகாலனோபிஸ் அறுபது ஆண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் வைத்துப் பார்த்துப் படுகை உயரவில்லை என்று காட்டினார். கரையை உயர்த்துவது வீண். மேல்நாட்டில் அணை கட்டி நீரைத் தேக்குவதே வழி என்றார். அணைகள் வந்தது பல ஆண்டுகள் கழிந்தபின்.

1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகம் தோன்றியது. அதற்கு இடம், பிரசிடென்சிக் கல்லூரியின் இயற்பியல் கூடத்தில் ஒரு மூலை. முதல் ஆண்டின் செலவு ரூ. 238. மகேந்திரலால் சர்க்கார் உயிரோடிருந்து இதனைக் கேட்டிருந்தால் புன்னகை புரிந்திருப்பார்! 1933இல் 'சங்க்யா' என்னும் ஆராய்ச்சி இதழ் தொடங்கியது. 1937 முதல் வங்காளத்தின் சணல் பரப்பை மதிப்பிடும் வேலை வந்தது. அதுவரை கிராமக் காவலரும் கீழ்நிலை அதிகாரிகளும் ஊகத்தால் எழுதியதே கணக்கு. தவறான கணக்கால் விலை சரிந்தால் இழப்பு உழவனுக்கு. மகாலனோபிஸ் நாடு முழுவதையும் அளக்கவில்லை. குலுக்கல் முறையில் தேர்ந்த சிறு நிலத் துண்டுகளுக்கு மட்டும் ஆட்களை அனுப்பினார். ஒரே பகுதிக்குத் தனித்தனி இரண்டு குழுக்களை அனுப்பி, ஒருவர் கணக்கை மற்றவர் கணக்கால் சோதித்தார். எல்லா வயலையும் எண்ணிய பெருங்கணக்கைவிட, மிகக் குறைந்த செலவில் முடிந்த மாதிரிக் கணக்கு மெய்ம்மைக்கு அண்மையில் நின்றது. எண்ணுபவர் மிகுந்தால் பிழையும் மிகும் என்பதை அதிகாரிகள் அன்று ஏற்கவில்லை.

1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் நம் மூத்தோர் சிலர் கண்ணாற் கண்டது. கல்கத்தாத் தெருக்களில் கஞ்சி நீருக்காகக் கையேந்தி மடிந்தவர் எத்தனையோ பேர். பஞ்சம் தணிந்தபின் அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. புள்ளியியல் கழகத்தார் வேறொன்று செய்தனர். 1944-45இல் வங்கத்தின் பல நூறு கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பி, ஒவ்வொரு குடும்பத்தினும் பஞ்சத்துக்கு முன் என்ன தொழில், எவ்வளவு நிலம், எத்தனை மாடு. இப்போது என்ன தொழில், எவ்வளவு நிலம், எத்தனை மாடு. இறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதினர். கேட்டவர் இளைஞர், விடை கூறியவர் மனைவியையும் மக்களையும் இழந்தவர். அந்த வினாத்தாள்களை நிரப்புவது எளிய வேலையாய் இருந்திராது. 1946இல் 'சங்க்யா' இதழில் முடிவுகள் வெளிவந்தன. பஞ்சம் எல்லாரையும் ஒருபடியாகத் தாக்கவில்லை என்பதை அவ்வெண்கள் காட்டின. மீனவர், வண்டியும் படகும் ஓட்டியோர், நிலமற்ற கூலியாட்கள் முதலியோர் பேரழிவுற்றனர். சொந்த நிலத்தில் நெல் விளைத்தோர் ஓரளவு தப்பினர். முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின், 1981இல், அமர்த்தியா சென் பஞ்சங்களைப் பற்றிய தம் நூலில் இவ்வெண்களை எடுத்தாண்டார். நாட்டில் உணவே இல்லாமையால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, உணவை வாங்கும் ஆற்றல் சிலரிடமிருந்து பறிபோவதாலும் வருகின்றது என்று அவர் நிறுவியதற்கு அவை சான்றாயின. வினாத்தாளோடு கிராமங்களுக்கு நடந்தவர்கள், தாம் எழுதிய எண்களை நோக்கி யார் வருவார் என்பதை அறிந்திருக்கவில்லை.

நாடு விடுதலை பெற்றபின் கழகம் பெருகியது. பராநகரில் தோட்டங்களுக்கு நடுவே கட்டடங்கள் எழுந்தன. 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. குமரி முதல் இமயம் வரை, குடும்பம் உண்பது என்ன, உடுப்பது என்ன என்று கேட்கப் புறப்பட்டவர்கள், மரக்காலும் படியும் மணங்கும் சேரும் ஊருக்கு ஊர் மாறுவதைக் கண்டு திகைத்தனர். தஞ்சையின் படி வேறு, வங்காளத்தின் சேர் வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதே தனி ஆராய்ச்சி ஆயிற்று. 1956இல் இந்தியாவுக்கு வந்த முதல் மின்னணுக் கணிப்பொறி பராநகரில்தான் நிறுவப்பட்டது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் கணிதமும் அங்குதான் வகுக்கப்பட்டது. அத்திட்டத்தின் குறை நிறைகளைப் பொருளாதாரம் அறிந்தோர் இன்றும் பேசுகின்றனர். அது வேறு கட்டுரைக்குரியது.

பராநகரின் வாசலும் பௌபஜாரின் வாசலைப் போன்றதே. உயிரியல் அறிஞர் ஹால்டேன் 1957இல் இங்கிலாந்தை விட்டு அங்கு வந்து நான்கு ஆண்டுகள் பணிபுரிந்தார். அவருடன் இருந்தவர்கள் செடிகளின் பூக்களை நாள்தோறும் எண்ணினர். தென்னையின் ஓலைகள் சில மரங்களில் இடமாகவும் சில மரங்களில் வலமாகவும் சுழல்வதைக் கணக்கிட்டனர். புள்ளியியல் கழகத்தார் கோதாவரிப் பள்ளத்தாக்கில் மண்ணைத் தோண்டிப் பேருடல் கொண்ட பழம்பெரும் பல்லி ஒன்றின் எலும்புகளையும் எடுத்தனர். தாகூரின் நூற்றாண்டாகிய 1961இல் அகழ்ந்தமையால், 1975இல் பெயரிட்டபோது அவர் பெயரையும் சேர்த்துப் 'பராபாசாரஸ் தாகூரி' என்றனர். 'படோ பா' என்றால் வங்காளத்தில் பெரிய கால் என்பது நம் பிள்ளைகள் கூட அறிந்ததே. அதன் எலும்புக்கூடு பராநகர் அருங்காட்சியகத்தில் நிற்கின்றது.

தென்னாட்டார் இவ்வாசலுக்கு வந்த வழியையும் சொல்லி முடிக்கின்றேன். 1940இல், ஆந்திரப் பல்கலைக் கழகத்தில் கணிதம் பயின்ற இளைஞர் ஒருவர், போர்க்காலத்தில் இராணுவத்தில் வேலை தேடிக் கல்கத்தா வந்தார். வேலை கிடைக்கவில்லை. தங்கியிருந்த தென்னாட்டு உணவு விடுதியில், புள்ளியியல் கழகத்திற்குப் பயிற்சிக்காக வந்திருந்த ஒருவரைக் கண்டு, அவருடன் சென்று கழகத்தைப் பார்த்தார். 1941இன் தொடக்கத்தில் அங்கேயே சேர்ந்தார். அவர்தாம் சி. ஆர். இராவ்; 2023இல் தம் நூற்றிரண்டாம் வயதில் மறையும் வரை உலகப் புள்ளியியலின் பெரியோருள் ஒருவராய் விளங்கியவர். 1950களின் இறுதியில் கே. ஆர். பார்த்தசாரதி, வி. எஸ். வரதராஜன், ரங்கா ராவ் ஆகியோர் பராநகரில் கூடி, ஆசிரியர் எவருமின்றித் தமக்குத்தாமே பாடம் நடத்திக்கொண்டனர். அவர்களோடு 1959இல் வந்து சேர்ந்தார் எஸ். ஆர். எஸ். வரதன்; சென்னையிற் பிறந்து, இராமன் பயின்ற அதே பிரசிடென்சிக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். தொழிற்சாலைகளில் பண்டங்களின் தரத்தைச் சோதிக்கும் புள்ளியியல் கற்று ஒரு வேலைக்குச் செல்வது அவர் எண்ணம். நண்பர்கள் அவரை நிகழ்தகவுக் கணிதத்திற்கு இழுத்துச் சென்றனர். 1962இல் உருசிய நாட்டுக் கணித மேதை கோல்மகோரவ் பராநகர் வந்திருந்தார். வரதனின் ஆராய்ச்சி ஏட்டைச் சோதித்தவர்களுள் அவரும் ஒருவர். 1963இல் வரதன் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். 2007இல் அவருக்கு ஆபெல் பரிசு வழங்கப்பட்டது.

பௌபஜாரின் பழைய சங்கம் விடுதலைக்குப் பின் ஜாதவ்பூருக்குக் குடிபெயர்ந்து அங்குச் செழித்து நடக்கின்றது. தெருவின் பெயர் இப்போது விபின் பிகாரி கங்குலித் தெரு. 210ஆம் எண்ணில் வணிகக் கல்லூரி ஒன்று இருக்கின்றது.